கிடைக்காத கயிறு

போன பிப்ரவரியில் ஊர் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. ஜெர்மனியில் கிளம்பி, சுங்கத்தில் 11 நாள் உட்கார்ந்து, ஆதார் நகல் கேட்டு, வரி கேட்டு, கடைசியில் மரக்காணத்திலிருந்து ஒரு பையன் பைக்கில் கொண்டுவந்து கொடுத்தான். சென்னை ஃப்ளாட்டில் பகலில் வாங்கி வைக்க ஆளில்லை. அதனால் இந்த மாதிரிப் பொருட்களை எல்லாம் அம்மா முகவரிக்குத்தான் வரவழைப்பேன். ஈசிஆரில் இரண்டரை மணிநேரம் ஓட்டி வந்து, திண்ணையில் உட்கார்ந்து பிரித்தேன். உள்ளே ஒரு ஜோடி பாறையேறும் ஷூ, இரண்டு சின்ன கேம்கள், ஆறு காராபினர்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பனையேறி. காலை ஏற்றத்தை முடித்துவிட்டு வந்திருந்தார். ஒரு காராபினரை எடுத்துத் திறந்து மூடிப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, சாவிக்கொத்தா? 22ன்னு போட்டிருக்கு?"

22 கிலோ நியூட்டன் என்றேன். ஏறக்குறைய 2,200 கிலோ இழுத்தாலும் உடையாது என்றேன்.

"நீ எத்தினி கிலோ?"

"எழுபத்திரண்டு."

"அப்புறம் எதுக்கு ரெண்டாயிரம்?"

ஆள் சும்மா தொங்கும்போது எடை மட்டும்தான். விழும்போது வேகம் சேர்ந்துவிடுகிறது. கயிறு பிடித்து நிறுத்தும் அந்தக் கணத்தில் விசை பல மடங்காகிறது. அதையெல்லாம் தாங்கி மிச்சமும் இருக்கவேண்டும். இதைக் கல்லூரியில் வைவா கொடுப்பதுபோல விளக்கினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு காராபினரைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

"அப்ப, நீ வுழுவன்னு நெனச்சே ஒருத்தன் ஒக்காந்து செஞ்சிருக்கான்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. கடைசி வார்த்தையைச் சொல்லும்போது எழுந்துவிட்டார். நான்தான் அந்த வாக்கியத்தோடு ஒரு வருடமாக இருந்துகொண்டிருக்கிறேன்.

*

பாறையேறுவது எனக்குப் பொழுதுபோக்கு. செஞ்சிப் பக்கத்துப் பாறைகள், வருடத்துக்கு ஒருமுறை ஹம்பி அல்லது பதாமி. இந்தியாவில் இந்தப் பழக்கம் உள்ளவர்கள் எல்லோருக்கும் இரண்டாவதாக ஒரு பொழுதுபோக்கும் வந்துவிடும்: பொருள் தேடுவது. ஹார்னஸ், சாதாரணக் காராபினர், கயிறு எல்லாம் இங்கேயே கிடைக்கும். ஆனால் உங்கள் காலுக்குச் சரியான அளவில் ஒரு குறிப்பிட்ட ஷூ, விரல் தடிமன் வெடிப்புக்குள் போகிற சின்ன கேம் என்று இறங்கினால், வெளிநாட்டுக் கடைகளின் வலைத்தளங்களில் இரவு இரண்டு மணிவரை உட்கார வேண்டும். சில கடைகள் இந்தியாவுக்கு அனுப்பாது. சில கடைகள் அனுப்பும், ஆனால் அந்த பிராண்டை மட்டும் அனுப்பாது. மியூனிக்கில் வேலைபார்க்கும் நண்பன் பொங்கலுக்கு வருகிறான் என்றால் அவன் பெட்டியில் துணியைவிட இரும்பு அதிகமாக இருக்கும்.

கேம் என்பது பாறை வெடிப்பில் செருகினால் விரிந்து கவ்விக்கொள்ளும் ஸ்பிரிங் கருவி. ரே ஜார்டின் என்ற அமெரிக்கர் 70களில் உருவாக்கினார். 1978ல் 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற பெயரில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. கீழே இழுக்க இழுக்க இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். அதைச் செருகி, அதில் காராபினரை மாட்டி, அதில் கயிற்றைப் போட்டுவிட்டு மேலே போகிறோம். கை வழுக்கினால் அந்த உலோகத் துண்டுதான் பிடிக்கவேண்டும்.

அதைச் செய்தவரை எனக்குத் தெரியாது. விற்றவரையும் தெரியாது. இருந்தும் நம்புகிறேன். ஏனென்றால் அதன்மேல் ஒரு எண் இருக்கிறது, எண்ணுக்குப் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது. 1932ல் தொடங்கப்பட்ட சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு, யு.ஐ.ஏ.ஏ., 1960 முதல் பாதுகாப்பு முத்திரை கொடுத்துவருகிறது. ஒற்றைக் கயிறு என்றால் அதன் முனையில் 80 கிலோ எடையைக் கட்டிக் கீழே விடுவார்கள். குறைந்தது ஐந்து விழுதலைத் தாங்கவேண்டும். முதல் விழுதலின்போது விசை 12 கிலோ நியூட்டனைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கயிறு அறாது, ஆனால் ஆள் உடைந்துபோவார். அந்த 80 கிலோ இரும்புக்குப் பெயரில்லை. அது நான்தான். எங்கேயோ ஒரு கூடத்தில் என்னைத் திரும்பத் திரும்பக் கீழே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அண்ணன் சொன்னது சரி. நான் விழுவேன் என்று நினைத்தே செய்திருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்குவது பொருளை மட்டுமில்லை, அந்த நினைப்பையும் சேர்த்துத்தான். அதற்குத்தான் வரி, அதற்குத்தான் 11 நாள்.

*

இப்போது அண்ணனின் கணக்கு. சீசனில் அவர் கையில் 20 மரங்கள், எல்லாம் குத்தகை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட வேண்டும், கலயத்தை மாற்ற வேண்டும், உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. ஆகவே பனையேறிக்கு மேலே காற்று, கீழே போலீஸ்.

20 மரம், இரண்டு வேளை, 40 ஏற்றம். ஒவ்வொன்றும் 50, 60 அடி. சராசரி 55 என்று வைத்தால் ஒரு நாளில் 2,200 அடி ஏறி 2,200 அடி இறங்குகிறார். செஞ்சி ராஜகிரிக் கோட்டை ஏறக்குறைய 800 அடி உயரம். அதைத் தினமும் இரண்டரை தடவைக்கு மேல், படி இல்லாமல், செங்குத்தாக ஏறுகிறார். நான் ஒரு வாரக்கடைசியில் 80 அடிப் பாதைகள் மூன்று ஏறினால் திங்கட்கிழமை கீபோர்டில் விரல் மடங்காது.

அவருடைய கருவிகள்: காலில் மாட்டும் நார்த்தளை, நெஞ்சில் தோல், இடுப்பில் அரிவாள் பெட்டி. விழுந்தால் பிடிக்க எதுவுமில்லை. நார்த்தளை ஏற உதவும், அவ்வளவுதான். ஏறுவதற்கான கருவி வேறு, விழுவதற்கான கருவி வேறு. பனையேறியிடம் முதல் வகை மட்டுமே ஆயிரம் வருடமாக இருக்கிறது.

அண்ணனின் மச்சான் மூன்று வருடத்துக்கு முன் விழுந்தார். முதல் மழைக்கு மறுநாள், மரம் ஈரம். உயிரோடு இருக்கிறார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அந்த வாரம் நான் ஊரில்தான் இருந்தேன். ஜிப்மருக்குப் போன வண்டியில் நானும் ஏறினேன். சென்னையில் என் அலமாரியில் அப்போது 60 மீட்டர் கயிறு ஒன்றும், மூன்று ஹார்னஸும் இருந்தன. இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு அன்று தோன்றவே இல்லை. இதை இங்கே எழுதிவைக்கக் காரணம், நான் கல்நெஞ்சன் என்று காட்டிக்கொள்வதற்கில்லை. நல்லபடியாக வளர்ந்த, கொஞ்சம் படித்த ஒரு ஆளுக்கும் தோன்றாமல் போகிற அளவுக்கு அந்த இரண்டு ஏற்றங்களும் நம் மனசில் வேறு வேறு அறைகளில் இருக்கின்றன. ஒன்றின் பெயர் விளையாட்டு. இன்னொன்றின் பெயர், நேற்றுவரை வசைச்சொல். 'பனையேறி' என்று சொல்லியே இந்த மாநிலத்தில் மனிதர்களை அவமானப்படுத்தியிருக்கிறார்கள்.

*

காராபினர் உரையாடலுக்குப் பிறகுதான் தேடினேன். இந்தமுறை எனக்காக இல்லை. தேடியதும் தெரிந்தது, பொருள் இருக்கிறது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரமேறிகளுக்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. நகரத்துப் பெருமரங்களின் கிளைகளைக் கழிப்பவர்களுக்கான கடைகள். கால்முள், சேணம், மரத்தைச் சுற்றிப் போட்டு நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற கயிறு. ரம்பம் பட்டாலும் அறாதபடி உள்ளே எஃகு வைத்த கயிறுகூட உண்டு. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மரம் ஏறுபவர் விழலாம் என்று உலகத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது, ஆனால் அது ஓக் மரம்.

இங்கேயும் ஒன்றும் இல்லாமல் இல்லை. கட்டடத் தொழிலாளியின் சேணத்துக்கு இந்தியத் தர எண்ணே உண்டு: ஐ.எஸ். 3521. ஆனால் அந்தச் சேணத்தின் கொக்கியைத் தலைக்கு மேலே எதிலாவது மாட்டவேண்டும். பனையில் தலைக்கு மேலே முதலில் போய்ச் சேர்பவரே ஏறுகிறவர்தான். தென்னைக்குக் கேரளத்தில் கருவி வந்தது. கண்ணூர் மாவட்டத்து அப்பச்சன் செய்த, இரும்புக் கம்பியால் மரத்தைக் கவ்வி மிதித்து ஏறும் இயந்திரம் பரவலாகப் புழங்குகிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று பயிற்சித் திட்டமே தொடங்கிக் காப்பீடும் சேர்த்தது. ஆனால் தென்னைக்கு நாற்பது, ஐம்பது நாளுக்கு ஒருமுறை ஏறினால் போதும். பனைக்கு நாளைக்கு இரண்டு தடவை. தவிர பனையின் அடி பெருத்திருக்கும், மேலே போகப்போக அளவு மாறும், கொண்டையில் கருக்கு மட்டை அறுக்கும்.

பனைக்கு மிக அருகில் வருகிற பொருள் வேறு துறையில் இருந்தது. அமெரிக்காவில் மர மின்கம்பம் ஏறுகிற லைன்மேன்களுக்கான பட்டை. கம்பத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு ஏறவேண்டும், கால் வழுக்கினால் கம்பத்தை இறுக்கிப் பிடித்துவிடும். அதன் வரலாறு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த நாட்டில் பயிற்சி பெற்ற லைன்மேன்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் கட்டிக்கொள்ளத் தேவையில்லை என்றுதான் பல வருடம் விதி இருந்தது. 'அவர்கள் திறமைசாலிகள்' என்பதுதான் விலக்குக்குக் காரணம். 2014ல் விதியைத் திருத்தினார்கள். 2015 ஏப்ரல் முதல், திறமைசாலியும் தரையிலிருந்து உச்சிவரை கட்டிக்கொண்டுதான் ஏறவேண்டும்.

அந்தப் பட்டையை விற்கும் ஒரு கடைக்கு எழுதினேன். எந்த அளவுக் கம்பம் என்று கேட்டார்கள். கம்பம் இல்லை, பனைமரம் என்று படம் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மரியாதையான பதில் வந்தது. கம்பம் தவிர வேறெதிலும் பயன்படுத்துவதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்கமாட்டார், ஆகவே விற்க இயலாது.

கோபம் வந்தது. அப்புறம் அவர்கள் பக்கத்து நியாயமும் தெரிந்தது. பாறையேறும் கருவிகளின் வரலாற்றிலேயே அதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. இவான் சுவினார்ட், கொல்லுப்பட்டறைத் தொழிலைத் தானே கற்றுக்கொண்டு பாறை ஆணிகளை அடித்துக் காரில் வைத்து விற்றவர், பின்னால் 'படகோனியா'வைத் தொடங்கியவர். அவருடைய கருவி நிறுவனம் வழக்குகளால் 1989ல் திவால் மனு கொடுத்தது. தொழிலாளர்கள் அதை வாங்கி நடத்தியதுதான் இன்றைய 'பிளாக் டைமண்ட்'. அந்த வழக்குகளைப் போட்டவர்களில் பாறையேறிகள் இல்லை, கருவி பழுது என்றும் வழக்கில்லை என்று அந்த நிறுவனத்தார் சொல்கிறார்கள். ஜன்னல் துடைக்கும் தொழிலாளி ஒருவர், பிளம்பர் ஒருவர், நாடக மேடைத் தொழிலாளி ஒருவர். விளையாட்டுக்காரர்களின் கயிற்றைப் பிழைப்புக்காக ஏறுகிறவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான கேள்வி பிடிபட்டது. கயிறு கொடுத்து, அதில் ஒருவர் அடிபட்டால், கொடுத்தவர் மேல் பழி. கயிறே கொடுக்காமல் ஒருவர் விழுந்து செத்தால், யார் மேலும் பழி இல்லை. சட்டமும் அப்படி, மனசாட்சியும் அப்படி. அந்தக் கடைக்காரர் எனக்கு விற்க மறுத்த அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார், தூங்குவதில் தப்பு சொல்லவும் முடியாது. மச்சான் விழுந்த வாரம் நானும் தூங்கினேன். செய்ததற்கு மட்டும் கணக்கு எழுதி, செய்யாததற்குக் கணக்கே வைக்காத ஒரு பேரேடு இது. அப்படிப்பட்ட பேரேட்டில் எப்போதும் லாபம் காட்டுகிறவர் ஒதுங்கி நிற்பவர்தான்.

பனைமரத் தொழிலாளர் நல வாரியம் என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. பதிவு செய்தவர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் உண்டு. அது வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தப் பணத்தில் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆனால் அதையும் என் பார்சலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆசைக்கு ஏறுகிறவனுக்கு விழுவதற்கு முன்பே கயிறு. பிழைப்புக்கு ஏறுகிறவருக்கு விழுந்தபின் காசோலை. நானாகத் தேர்ந்தெடுத்த ஆபத்துக்கு மூன்று கண்டங்களில் சோதனைக்கூடம் இருக்கிறது. அவர் மறுக்கமுடியாத ஆபத்துக்கு ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கிறது. நியாயம் தலைகீழாக இருந்திருக்க வேண்டாமா?

சந்தை அப்படித்தான், வாங்க ஆளிருந்தால்தான் செய்வார்கள் என்று அலுவலகத்தில் ஒரு நண்பன் சொன்னான். முழுக்க உண்மை இல்லை. 1960ல் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் முதல் இந்திய எவரெஸ்ட் குழு கிளம்பியபோது, மலையேற்றக் கருவிகளுக்கு இங்கே சந்தை என்ற ஒன்றே கிடையாது. ராணுவத் தளவாட ஆலைகளில் செய்து கொடுத்தார்கள். அந்தக் குழு உச்சிக்குச் சற்றுக் கீழே வானிலையால் திரும்பியது. 1965ல் எம்.எஸ். கோலியின் குழுவில் ஒன்பது பேர் உச்சி தொட்டார்கள். கொடி ஏறவேண்டும் என்று நாடு நினைத்தபோது, ஒரு சில பேருக்காக ஆலையே தைத்துக் கொடுத்தது. வாங்க ஆள் இல்லை என்பது அங்கே தடையாக இருக்கவில்லை. 'கிடைக்காத பொருள்' என்று நாம் சொல்வதில் பாதி, யாரும் இன்னும் முக்கியம் என்று நினைக்காத பொருள்.

*

கடைசியில் மரக்கிளை கழிப்பவர்களுக்கான எளிய கயிறு ஒன்றை வாங்கினேன். மரத்தைச் சுற்றிப் போட்டு இடுப்புச் சேணத்தில் மாட்டிக்கொள்வது. என்னுடைய பழைய ஹார்னஸ் அதற்குச் சரிப்படாது, பக்கவாட்டு வளையம் வேண்டும் என்பதால் அதையும் சேர்த்து. மறுபடி சுங்கம், மறுபடி ஆதார்.

முதலில் நான்தான் போட்டுப் பார்த்தேன், ஆறடி உயரத்தில். காலை விட்டேன். கயிறு ஒன்றரை அடி சறுக்கி, பிறகு மரத்தின் சொரசொரப்பில் பிடித்தது. முழங்கையில் தோல் போனது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் அவர் போட்டார், பாதி மரம் ஏறினார், இறங்கினார். மறுநாள் உச்சிவரை. கொண்டைக்குக் கீழே மட்டையைத் தாண்டவேண்டிய இடத்தில் கயிற்றை அவிழ்க்காமல் போகமுடியவில்லை. அதாவது மிக ஆபத்தான இடத்தில் அது இல்லை. இரண்டாவது கயிறு ஒன்று இருந்தால், ஒன்றை மேலே மாட்டிவிட்டு மற்றதை அவிழ்க்கலாம். பாறையில் நாங்கள் செய்வதும் அதுதான்.

"நல்லாத்தான் கீது" என்றார் இறங்கியதும். "ஆனா நேரம் ரெட்டிப்பாவுது. நாப்பது ஏத்தம் இருபத்தஞ்சு ஆயிரும். மிச்சப் பதினஞ்சுக்கு யாரு காசு குடுப்பா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. குளிர்ந்த பதநீரை ஈசிஆர் ஓரத்தில் ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்கும்போது நான் கொடுக்கிற விலை, அவர் கட்டிக்கொள்ளாமல் ஏறுகிற வேகத்தின் விலை. கயிறு வந்தால் அந்த விலையும் ஏறித்தான் ஆகவேண்டும். இலவசமாகக் கயிறு கொடுத்துவிட்டு டம்ளருக்குப் பழைய விலையே கொடுப்பது பாதி உதவிகூட இல்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். சொல்வதற்குக் கொஞ்சம் தயங்கினார்.

"எனக்கு மட்டும்னா வாணாம் தம்பி. ஒருத்தன் மட்டும் கட்டிக்கினு ஏறுனா, அவனுக்கு பயம் வந்துருச்சின்னு ஆயிரும். அடுத்த வருசம் மரம் குத்தகைக்கு விடமாட்டான்."

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பாறையில் கயிறு கட்டினால் யாரும் என்னைக் கோழை என்று சொல்வதில்லை, ஏனென்றால் எல்லோரும் கட்டியிருக்கிறார்கள். கட்டாமல் ஏறுகிறவர்தான் அங்கே விதிவிலக்கு. அந்த அமெரிக்க லைன்மேன் விதி செய்த பெரிய காரியமும் அதுதான் என்று அப்போது புரிந்தது. அது பட்டையைக் கட்டாயமாக்கியதோடு நிற்கவில்லை, பட்டை கட்டுவதிலிருந்த வெட்கத்தையும் எடுத்துவிட்டது. ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் பாதுகாப்பு அவர் நெற்றியில் ஒட்டிய அச்சம். எல்லோருக்கும் வந்தால் அது தொழிலின் முறை. என் நல்லெண்ணத்தை நான் ஒற்றைப் பார்சலில் வரவழைத்திருந்தேன். அது ஒற்றையாக வந்ததுதான் அதன் குறை.

அண்ணி அதுவரை உள்ளே பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். வெளியே வந்து என்னைத்தான் கேட்டார்.

"நீ கட்டிக்கினு ஏற்றியே, உனக்கு பயமா?"

"ஆமா அண்ணி."

"சொல்றான் பாரு" என்றார் அண்ணனிடம். "அவரு வுழுந்தா அவரு மட்டுமா வுழறாரு? எங்கண்ணன் வுழுந்து மூணு வருசமா யாரு தூக்கிப் போட்டுக்கினு கீறா, எங்கண்ணிதான?"

அவரவர் ஆபத்து அவரவர் விருப்பம் என்று நாம் வாதம் செய்யும்போது, ஏறுகிற ஆளை மட்டும் ஒற்றையாக நிறுத்தி வாதம் செய்கிறோம். மரத்தடியில் நிற்பவரை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அண்ணி திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"ஊருல ஏழு பேரு ஏறுறாங்க. ஏழு வாங்குனா எவ்ளோ ஆவும்?"

ஃபோனில் போட்டேன். ஏழு சேணம், பதினாலு கயிறு, அனுப்பும் செலவு, வரி. மொத்தத்தைப் பார்த்துவிட்டுத் திரையை அணைத்தேன். அதைவிட மோசமான இன்னொன்றும் இருந்தது. மூன்று வாரம் வீட்டு ஆணியில் தொங்கிய முதல் கயிற்றின் எஃகுக் கொக்கியில் ஏற்கெனவே பழுப்புப் புள்ளிகள்.

*

எங்கள் ஊரில் சைக்கிள் ரிம் இரண்டு வருடம் தாண்டாது. உப்பளங்களிலிருந்து வருகிற காற்று. இது எங்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. தாய்லாந்தின் கிராபி கடலோரப் பாறைகளில் அடித்த துருப்பிடிக்காத எஃகு ஆணிகளே, வெளியே நன்றாகத் தெரிந்தபடியே உள்ளுக்குள் விரிசல்விட்டு உடைந்தன. உப்பும், வெப்பமும், ஈரமும், இழுவிசையும் சேர்ந்து செய்கிற வேலை. இப்போது அங்கே டைட்டானியம் ஆணிகளைப் பதிக்கிறார்கள். ஜெர்மனியின் ஓக் மரத்துக்கு யோசித்துச் செய்த கொக்கி மரக்காணத்து உப்புக்காற்றை யோசிக்கவில்லை, யோசித்திருக்கவும் முடியாது.

அந்த வாரம் உப்பளத்தில் வேலைசெய்யும் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். கால் முழுக்க வெடிப்பு. ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்களே, போடவில்லையா என்றேன். "தண்ணி உள்ள பூந்துட்டா வெறுங்காலே தேவலைப்பா" என்றார். கொடுத்தவர் கெட்டவர் இல்லை. பாத்தியில் இறங்கி நிற்கிறவரைக் கேட்காமல் கொடுத்திருக்கிறார். நானும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்திருந்தேன், என்னுடையது கொஞ்சம் விலை அதிகம்.

ஆகவே இப்போது வேறு வழியில் போகிறோம். சென்னைப் பக்கத்தில் கட்டடச் சேணம் தைக்கும் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. சொந்தமாகச் சோதித்துப் பார்க்க வசதி உள்ளவர்கள். பனைக்கென்று ஒன்று செய்துதர முடியுமா என்று கேட்டேன். பொறுப்பு யாருடையது என்று அவர்களும் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க வழி இல்லை, தப்பிக்கவும் கூடாது. சோதனைக்கு ஆகும் செலவில் என் பங்கு இவ்வளவு, காகிதத்தில் என் பெயரும் இருக்கட்டும் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. நாளை ஏதாவது ஆனால் அந்தப் பேரேட்டில் என் பெயர் இருக்கும். மச்சான் விழுந்த அன்று இருக்கவில்லை. அன்று இல்லாமல் இருந்ததுதான் சரி என்று என்னால் இனி சொல்ல முடியாது.

பட்டறைக்காரர் முதலில் கேட்டது மரத்தின் அளவு. அடியில், நடுவில், கொண்டைக்குக் கீழே என்று மூன்று இடத்துச் சுற்றளவு, இருபது மரத்துக்கும். அப்படி ஒரு அட்டவணை என்னிடம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் டேப்பும் நோட்டுமாகக் கிளம்பினோம். அடி அளவை நான் எடுத்தேன். அவர் டேப்பை வாயில் கவ்விக்கொண்டு ஏறினார். நடுமரத்தில் நின்று ஒரு எண் சொன்னார், மேலே போய் இன்னொரு எண். அங்கிருந்து உப்பளம் தெரியுது, அம்பாரம் வெள்ளையா தெரியுது என்று கத்தினார்.

முதல் கயிறு என் பையில்தான் இருந்தது. கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

"இருபது மரம் கீது. நீ எழுது" என்றார்.

நான் கீழே நின்று எழுதினேன்.